பின்வாசல் ஊசி

டெலிபோன் அலறியது!

ஓசூர் போலீஸ் ஸ்டேஷனுக்கு அந்தக் கறுப்புப் பெட்டி வந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அது அலறும்போதெல்லாம் ஏட்டு வெங்கடசாமி எழுந்து நின்றுவிடுவார். அன்று வயிற்றுக்குள் பாதிக் களி உருண்டை இருந்தது. மீதிப் பாதி வலது கையில்.

இடது கையால் எடுத்தார்.

"ஹலோ..."

பதில் இல்லை. மூச்சு மட்டும் இரைத்தது. அப்புறம் தூரத்தில் யாரோ, அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாய், திருப்பிப் பிடி என்று கத்துவது கேட்டது.

"ஏட்டய்யாவா? நான் வடைக்கடை நாராயணம்மா. பஸ் ஆபீஸ் போன்ல பேசறேன். நம்ம ஊசி கங்கப்பன்..."

"அவனுக்கு என்னா?"

"செத்துக் கிடக்கறான், ஏட்டய்யா. தலைக்கு அடியில ஒரே ரத்தம்..."

கையிலிருந்த மீதிக் களி சாப்பாட்டுத் தூக்குக்குள் திரும்பிப் போனது.

ஊசி கங்கப்பன்!

பெங்களூரில் ஒரு பெரிய டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தவன். அவர் துரத்தினாரா, இவனே வந்தானா, யாருக்கும் தெரியாது. தேன்கனிக்கோட்டை ரோட்டில் கடை போட்டான். முன்வாசலில் இருமல், காய்ச்சல், தேள்கடி. பின்வாசலில் பெண்கள். மத்தியானம் முன்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டதும் பின்சந்து வழியாக முக்காடு போட்டுக்கொண்டு வருவார்கள். அஞ்செட்டியிலிருந்துகூட, எப்போதோ வரும் ஒரு பஸ்ஸைப் பிடித்து வந்தார்கள்.

என்ன வியாதி?

எந்த ஆணும் கேட்டதில்லை. அது பெண்கள் சமாச்சாரம். கேட்பது மரியாதை இல்லை. சந்தில் எதிர்ப்படும் பெண்களே ஒருவரை ஒருவர் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அதுதான் அந்தச் சந்தின் சட்டம்.

வெங்கடசாமி கையைக் கழுவினார். சாப்பாட்டுத் தூக்கை மூடினார். ஓடினார்.

அவர் ஓடியதை ஓட்டம் என்று அவர் மட்டும்தான் சொல்வார்.

* * *

கங்கப்பன் மல்லாந்து கிடந்தான்.

பின்னறையில் ஒரு கல்மேடை. அதன்மேல் ஊசி கொதிக்க வைக்கிற ஸ்பிரிட் அடுப்பு. மேடையின் முனையில் ரத்தம். அதற்கு நேர் கீழே அவனுடைய பின்மண்டை. கண்கள் திறந்தபடியே... கூரையில் எதையோ விசாரிப்பது போல!

அறை முழுக்கக் கண்ணாடித் தூள். ஒரு மரத்தட்டு நிறைய அடுக்கி வைத்திருந்த விரல் நீளக் குப்பிகளை யாரோ வாரி வீசியிருந்தார்கள். வழவழப்பான சிமெண்டுத் தரையில், உள்ளே இருந்த மருந்து எண்ணெய் மாதிரி மினுமினுத்தது.

வெங்கடசாமி பிணத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். சர்ரென்று ஒரு கால் முன்னால் போனது. சுவரைப் பிடித்து நின்றார்.

"என்ன ஏட்டு, பிணத்துக்கு முன்னாடி டான்ஸா?"

சப்-இன்ஸ்பெக்டர் முனீர் அகமது. வாணியம்பாடிக்காரர், சின்ன வயசு. சென்னை ராஜ்யத்தில் மதுவிலக்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் மைசூரில் தாராளம். வந்த நாளிலிருந்து அந்தப் பக்க அத்திப்பள்ளியிலிருந்து வரும் சாராயத்தை மட்டுமே பிடித்துப் பிடித்து அலுத்துப் போயிருந்தார். இன்று முதல் கொலை. முகத்தில் பண்டிகைக் களை.

நாராயணம்மாவை அழைத்தார்கள். கங்கப்பன் கடைச் சுவரை ஒட்டினாற்போல் அவளுடைய வடைக்கடை. அடுப்பு இருப்பது பின்சந்தை ஒட்டி. தெலுங்கில் ஒரு முறை அழுதுவிட்டு, தமிழில் சாட்சி சொன்னாள்.

"ஆம்பளக் குரலு சாமி. கட்டையா, அடித்தொண்டையில இருந்து. 'நீ நல்லா இருப்பியாடா? உன்னைச் சும்மா வுடமாட்டேன்டா'ன்னு. அப்புறம் கண்ணாடி உடையற சத்தம். அப்புறம் நான் ஒரு ஈடு வடை எடுத்துட்டேன். அப்புறம் தொம்முன்னு ஒரு சத்தம். கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் இல்ல. பின்னால போயி எட்டிப் பார்த்தா..."

"அந்த ஆம்பள வெளிய போனதைப் பார்த்தியா?"

"முன்கதவு தாழ்ப்பா போட்டபடியே இருந்துச்சு. பின்சந்துல போவணும்னா என் அடுப்பைத் தாண்டித்தான் போவணும். ஒரு ஆம்பளகூடப் போவல."

முனீர் அகமது வெங்கடசாமியைப் பார்த்தார். வெங்கடசாமி கூரையைப் பார்த்தார்.

உள்ளே ஒருவன் கத்தியிருக்கிறான். வெளியே போகவில்லை. உள்ளேயும் இல்லை!

பரண்மேல் ஏறித் தேடினார்கள். ஒரு பூனை கிடைத்தது. அதன் குரல் ஒத்து வரவில்லை.

* * *

ஆள் மட்டும் அன்று சாயங்காலமே கிடைத்துவிட்டான்.

கிருஷ்ணப்பன். கல் ஏற்றுகிற லாரி டிரைவர். போன வாரம்தான் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்க கங்கப்பனின் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தான். குரலும் கட்டை. இது போதாதா முனீர் அகமதுவுக்கு?

எதற்குச் சண்டை என்று கேட்டார்கள். மிரட்டிக் கேட்டார்கள், தட்டிக் கேட்டார்கள். அது பொம்பளைங்க சமாச்சாரம், சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டான்.

கொலை நடந்தபோது எங்கே இருந்தாய் என்ற கேள்விக்கும் அதே கடித்த பல்தான். சப்-இன்ஸ்பெக்டர் டீ குடிக்கப் போன பிறகுதான், கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏட்டை மெதுவாகக் கூப்பிட்டான்.

"அத்திப்பள்ளியில இருந்தேன் ஏட்டய்யா. சாராயக் கடையில. அதைச் சொன்னா நீங்க அதுக்கு ஒரு கேஸ் போடுவீங்க."

"அடே, கழுத்துக்கு மேல கத்தி தொங்குது. குடிச்ச கேஸுக்குப் பயப்படறே?"

வெங்கடசாமி அன்றே சைக்கிளை மிதித்துக்கொண்டு அத்திப்பள்ளிக்குப் போனார். சாராயக் கடைக்காரன் கன்னடத்தில் மிக மரியாதையாகப் பேசினான். ஓசூர்க்காரர் ஒருவர்கூட இந்தக் கடை வாசலை மிதித்ததே இல்லை என்று சத்தியம் செய்தான். அவன் தொழில் தர்மம் அது. ஓசூர் போலீஸ் யாரைக் கேட்டாலும் அதே சத்தியம்தான். அவன் பின்னால் பெஞ்சில் ஓசூர்க்காரர்கள் ஆறேழு பேர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வெங்கடசாமி திரும்பி வந்தார். என்ன செய்ய?

ஸ்டேஷன் வராந்தாவில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முக்காடு நெற்றி வரை. கிருஷ்ணப்பனின் மனைவி சரசம்மா.

முனீர் அகமது என்னென்னவோ கேட்டார். புருஷன் எங்கே போனான்? கங்கப்பனோடு என்ன பகை? அவள் வாயைத் திறக்கவே இல்லை. கையைக் கூப்பினாள். தலையை ஆட்டினாள். கண்ணீர் மட்டும் கொட்டியது. ஊமையா என்று கேட்டதற்கு, இல்லை, போன வருஷம் வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவள்தான் என்று கான்ஸ்டபிள் ஒருவர் சொன்னார்.

வெங்கடசாமி ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார். அவள் குடிக்கும்போது முக்காடு கொஞ்சம் விலகியது.

மேலுதட்டுக்கு மேலே ஒரு சின்ன வெட்டு. தாடையில் இன்னொன்று.

பழைய பிளேடை வைத்துக்கொண்டே மாசம் ஓட்டுகிற வெங்கடசாமிக்கு அந்த வெட்டு ரொம்பப் பழக்கம். தினமும் அவர் முகத்தில் விழுவதுதான். ஆனால் ஒரு பெண்ணின் முகத்தில் எப்படி...?

அவர் கேட்பதற்குள் அவள் டம்ளரை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டாள்.

* * *

வீட்டில் ஜோதியம்மாள் களிக்கு மாவு கொட்டிக்கொண்டிருந்தாள்.

வெங்கடசாமிக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து வீட்டில் பேச்சு ஒரு கட்சிதான், அது ஆளுங்கட்சி. ஜோதியம்மாள் பேசுவாள், இவர் சாப்பிடுவார். தெருவில் எந்த வீட்டு விசேஷமென்றாலும் ஆரத்திப் பாட்டுக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் குரல் முனை வீடு வரை கேட்கும்.

இப்போது கொஞ்ச காலமாக ஒன்றும் இல்லை. தொண்டை கட்டியிருக்கிறது என்று சைகை. கேட்டால் ஒரு கிசுகிசு. முகத்தில் மஞ்சளைக் கரைத்து அப்பிக்கொண்டு அடுப்படியிலேயே கிடக்கிறாள். சிங்காரப்பேட்டையில் கட்டிக்கொடுத்த மகள் வளைகாப்புக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டாள். பெற்ற தாய் போகமாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள்!

வெங்கடசாமி தினமும் பனங்கற்கண்டு வாங்கிவந்து கொடுத்தார். என் வீட்டில் இப்போது மதுவிலக்கு மாதிரி பேச்சுவிலக்கு அமலில் இருக்கிறது என்று ஸ்டேஷனில் ஜோக் அடித்தார். அவருக்கே அந்த ஜோக் பிடிக்கவில்லை. வீடு ரொம்பப் பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டே கேஸைச் சொன்னார். கட்டைக் குரல்... உடைந்த கண்ணாடி... மாயமான ஆள்.

அடுப்படியில் கரண்டி விழுந்தது.

"என்னா ஜோதி?"

ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினாள். அப்புறம் கிட்டே வந்து, காற்று போல ஒரு கிசுகிசுப்பில் கேட்டாள்.

"அந்த டிரைவரை என்னா பண்ணுவாங்க?"

"நாளைக்கு நாராயணம்மா குரலை அடையாளம் காட்டப் போறா. அவன் குரல்தான்னு சொல்லிட்டா... தூக்குதான்."

ஜோதியம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டாள். அப்படியே சரிந்து உட்கார்ந்தாள்.

வெங்கடசாமி பதறிப்போய் இன்னும் கொஞ்சம் பனங்கற்கண்டு எடுத்துக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

* * *

மறுநாள் மத்தியானம் ஸ்டேஷன் ஹாலுக்குக் குறுக்கே ஒரு படுதா கட்டினார்கள்.

ஆள் அடையாள அணிவகுப்பு எல்லா ஊரிலும் உண்டு. குரல் அடையாள அணிவகுப்பு இந்த ஜில்லாவிலேயே முதல் தடவை என்று முனீர் அகமது பெருமையாகச் சொல்லிக்கொண்டார். படுதாவுக்குப் பின்னால் ஆறு ஆண்கள். கிருஷ்ணப்பன், இரண்டு கான்ஸ்டபிள்கள், ஒரு பஸ் கண்டக்டர், ஒரு நாவிதர். ஆறாவது ஆள் கிடைக்காததால் ஏட்டு வெங்கடசாமி. முன்பக்கம் பெஞ்சில் நாராயணம்மா, அவள் பக்கத்தில் சப்-இன்ஸ்பெக்டர். சரசம்மா முந்தின நாள் போலவே வராந்தாவில், முக்காட்டோடு.

ஒவ்வொருவராக அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும்.

முதல் கான்ஸ்டபிள், நீ நல்லா இருப்பியாடா என்றார். இவரு நிஜமாவே நல்லா இருக்கச் சொல்றாரு, வேண்டாம் என்றாள் நாராயணம்மா. இரண்டாமவருக்குச் சளி. கண்டக்டர் டிக்கெட் கேட்கிற ராகத்தில் சொன்னார். நாவிதர் பயத்தில் கீச்சிட்டார்.

கிருஷ்ணப்பனின் முறை.

அவன் சொன்னான். கட்டையாகத்தான் சொன்னான்.

முனீர் அகமது நாராயணம்மா பக்கம் குனிந்தார்.

நாராயணம்மா கண்ணை மூடி யோசித்தாள். "கட்டைதான். ஆனா இது மேடும் பள்ளமுமா இருக்குது. நேத்துக் கேட்டது உடைஞ்ச மாதிரி, அழற மாதிரி இருந்துச்சு சாமி. சரியாச் சொல்ல வரல... இதுவா இருந்தாலும் இருக்கும்."

இருந்தாலும் இருக்கும்! முனீர் அகமதுவுக்கு அது போதும். பேனாவைத் திறந்தார்.

படுதாவுக்குப் பின்னால் கிருஷ்ணப்பன் அப்படியே தரையில் உட்காரப் போனான். வெங்கடசாமி தோளைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொள்வதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும் அவரால்?

அப்போது...

"எம் புருஷனை வுட்டுடுங்க!"

கனமான, கரகரத்த ஒரு ஆண் குரல். வராந்தாவிலிருந்து!

முனீர் அகமது துள்ளி எழுந்து வாசலைப் பார்த்தார். அங்கே ஆண் யாரும் இல்லை. சரசம்மா மட்டும் நின்றிருந்தாள். முக்காட்டை எடுத்துவிட்டிருந்தாள். மேலுதட்டில் பச்சை ஓடியிருந்தது, மழித்த இடத்தில் ஓடுகிற பச்சை.

"யாரு... யாரும்மா பேசினது?"

"நான்தானுங்க."

நாராயணம்மா பெஞ்சில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

சரசம்மா பேசினாள். தயங்கித் தயங்கி, தன் குரலைக் கண்டு தானே கூசிக்கொண்டு. மாசத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. மாற்றுத்துணி காய நேரம் இல்லை. நின்றால் கண் இருட்டும். கங்கப்பன் வாரா வாரம் ஒரு எண்ணெய் ஊசி போட்டான்.

"ரத்தம் நின்னுச்சுங்க. பொய் சொல்லக்கூடாது. மகராசன்னு அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அப்புறம் தொண்டை கட்டுச்சு. சளின்னான். இன்னும் ரெண்டு ஊசி போட்டான். அப்புறம் மூஞ்சியில இது. இவரு பிளேடை எடுத்துத் திருட்டுத்தனமா... என் குழந்தையே என்னைப் பார்த்து அழுதுச்சுங்க. அதுக்குத்தான் இவரு அவன் சட்டையைப் புடிச்சாரு. என் மானம் போயிடும்னு உங்ககிட்டச் சொல்லல."

படுதாவுக்குப் பின்னால் கிருஷ்ணப்பன் விம்முவது கேட்டது.

முனீர் அகமது பேனாவை மறுபடி எடுத்தார். கொலைகாரன் இல்லை, கொலைகாரி! எப்படி வெளியே போனான் என்பதற்கும் பதில் கிடைத்துவிட்டது. முக்காடு போட்டுக்கொண்டு, எல்லாப் பெண்களையும் போல!

"நாராயணம்மா, இந்தக் குரல்தானே?"

நாராயணம்மா சரசம்மாவை அந்த வாக்கியத்தைச் சொல்லச் சொன்னாள். சரசம்மா நடுங்கிக்கொண்டே சொன்னாள்.

"இல்ல சாமி. சாயல் இருக்குது. ஆனா இந்தக் குரல் இல்ல. அது இன்னும் பெருசு. தெரு முனை வரைக்கும் கேக்கற குரலு."

"அந்தச் சந்துக்கு வர்றவங்க வேற யாரு யாரு?" என்றார் முனீர் அகமது.

சரசம்மாவுக்குத் தெரியவில்லை. யாரும் யார் முகத்தையும் பார்த்ததில்லை.

படுதாவுக்குப் பின்னால் ஏட்டு வெங்கடசாமிக்குக் காதில் வண்டு புகுந்த மாதிரி ஒரு ரீங்காரம்.

தெரு முனை வரைக்கும் கேட்கிற குரல்...

அப்பிய மஞ்சள்... கிசுகிசு... விழுந்த கரண்டி... வேண்டாமென்ற வளைகாப்பு...

அவர் வாங்கிக் கொடுத்த அத்தனை பனங்கற்கண்டு!

வேண்டாம் சாமி, என்று அவர் நினைத்த அதே நொடியில், அவர் முதுகுக்குப் பின்னால், ஸ்டேஷனின் பின்கதவுப் பக்கத்திலிருந்து அது வந்தது.

"நீ நல்லா இருப்பியாடா? உன்னைச் சும்மா வுடமாட்டேன்டா!"

உடைந்த குரல். அழுகிற குரல். ஹாலே அதிர்ந்தது.

"இதுதான்!" நாராயணம்மா எழுந்து நின்றுவிட்டாள். "சத்தியமா இதுதான் சாமி!"

முனீர் அகமது பாய்ந்து வந்து படுதாவை இழுத்தார். கயிறு அறுந்தது. படுதா விழுந்தது.

பின்கதவில், வழக்கம்போல மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றுகொண்டிருந்தாள்...

ஜோதியம்மாள்!

* * *

வெங்கடசாமிக்குத் தூக்கை வாங்கிக் கீழே வைக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. வாங்கி வைத்தார்.

அவள் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்துத்தான் சொன்னாள். மூன்று வருஷமாக உதிரம் நிற்காமல் போனதை. வீட்டுக்குள்ளேயே விழுந்து எழுந்ததை. சந்து வழியாகப் போய் ஊசி போட்டுக்கொண்டதை. போட்டதும் அது நின்றதை, நின்றதும் சந்தோஷப்பட்டதை.

"ஏன் ஜோதி எங்கிட்ட ஒரு வார்த்தை..."

"நீங்க எப்பவாவது கேட்டிருக்கீங்களா?"

சாராயம் குடித்தவனை ஒரு பர்லாங் தூரத்திலேயே மூக்கால் கண்டுபிடிக்கிற போலீஸ்காரர் வெங்கடசாமி. வீட்டுக்குள் மூன்று வருஷமாக நடந்த ஒன்றை...

"என் குரலைத் திருப்பிக் குடுடான்னு கேட்டேன். அது இனிமே வராதுன்னான். பெங்களூர் டாக்டரு ஒவ்வொரு தடவையும் தொண்டையைப் பார்த்துட்டுத்தான் போடுவாராம். கட்டிக்கிட்டா அதோட நிறுத்திடுவாராம். இவனுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் போட்டிருக்கான். கேட்டா சிரிக்கிறான். 'போம்மா, ஏட்டு வீட்டுல இனிமே ரெண்டு ஏட்டு'ன்னான். என்னாலே தாங்க முடியல. தட்டை எடுத்து வீசிட்டேன். ஆனா அவனை நான் தொடல. நான் வெளிய வரும்போது அவன் நின்னுக்கிட்டு என்னைத் திட்டிக்கிட்டுதான் இருந்தான். அந்தப் புள்ளையைத் தூக்குல போடாதீங்க. என்னை எது வேணா பண்ணுங்க."

முனீர் அகமதுவின் முகத்தில் பண்டிகைக் களை போயிருந்தது. ஏட்டின் மனைவி கையால் எத்தனையோ நாள் களியும் கீரையும் சாப்பிட்டவர் அவர். தொப்பியைக் கழற்றினார். போட்டுக்கொண்டார்.

"அம்மா... நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஆனா சாட்சி வேணுமே. நீங்க வெளிய வந்தப்ப அவன் உயிரோட இருந்தான்னு சொல்ல யாரு இருக்கா?"

"ஏன், நான் இல்லியா?" என்றாள் நாராயணம்மா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நேத்து மத்தியானம் அந்தச் சந்துக்கு வந்ததே ஒரே ஒரு முக்காடுதான். கண்ணாடி உடைஞ்ச உடனே அழுதுக்கிட்டே வந்துச்சு. நான் கழுவிக் கவுத்து வெச்ச பாத்திரத்துல கால் தட்டி எல்லாத்தையும் உருட்டிட்டுப் போச்சு. தெலுங்குல நல்லாத் திட்டினேன். இந்தம்மாதானா அது? மன்னிச்சுக்கம்மா. அப்புறம் பாத்திரத்தை எல்லாம் பொறுக்கி வெச்சேன், ஒரு ஈடு வடை எடுத்தேன், அதுக்கப்புறம்தானே தொம்முன்னு சத்தம் வந்துச்சு?"

முனீர் அகமது பேனாவைக் கீழே வைத்தார். "இதை ஏன் நேத்தே சொல்லல?"

"நீங்க ஆம்பள போனானான்னுதான கேட்டீங்க? பொம்பள போனாளான்னு யாரு கேட்டா?"

அந்தச் சமயத்தில்தான் டெலிபோன் மறுபடி அலறியது!

வெங்கடசாமி எடுத்தார். கிருஷ்ணகிரியில் பிரேத பரிசோதனை செய்த டாக்டர். கங்கப்பனின் இரண்டு உள்ளங்காலிலும் எண்ணெய், குதிகாலில் கண்ணாடித் தூள். சிந்தின மருந்தில் கால் வழுக்கி மல்லாந்து விழுந்திருக்கிறான்; பின்மண்டை கல் முனையில் அடித்திருக்கிறது. உடம்பில் வேறு காயமே இல்லை.

முந்தின நாள் பிணத்துக்கு முன்னால் தன் கால் சர்ரென்று போனது வெங்கடசாமிக்கு ஞாபகம் வந்தது. கேஸ் முழுவதும் அவர் காலடியிலேயே இருந்திருக்கிறது. அவர்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு தப்பிவிட்டார்!

போலீஸ் அனுப்பியிருந்த குப்பிகளையும் டாக்டர் பார்த்திருந்தார். ஆண்களுக்கு உடம்பில் இயற்கையாகச் சுரக்கிற சத்தை எண்ணெயில் கலந்து செய்த மருந்து. அதிக உதிரப்போக்குக்குச் சில டாக்டர்கள் அளவோடு கொடுப்பதுண்டு என்றார். அளவு மீறினால் மீசை, கட்டைக் குரல்.

வெங்கடசாமி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர்... ஊசியை நிறுத்திட்டா குரல் திரும்புமா?"

டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"முடி குறையலாம். உதிரப்போக்கு மறுபடி வரலாம், அதுக்கு ஒரு லேடி டாக்டர்கிட்ட நேர்ல காட்டுங்க. குரல்... அது பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். யாருக்குக் கேக்கறீங்க?"

"தெரிஞ்சவங்களுக்கு," என்றார் வெங்கடசாமி.

* * *

கிருஷ்ணப்பன் வெளியே வந்தான். சரசம்மா மறுபடி முக்காட்டை இழுக்கப் போனாள். அவன் அதைப் பிடித்துத் தோளில் விட்டான்.

தட்டை உடைத்ததற்கு ஒரு கேஸ் போடலாமா என்று முனீர் அகமது யோசித்தார். புகார் கொடுக்க வேண்டியவன் போய்ச் சேர்ந்துவிட்டான். கங்கப்பன் இத்தனை பேருக்குச் செய்ததற்கு என்ன செக்‌ஷன் என்றும் தடிப் புத்தகத்தைப் புரட்டினார். ரொம்ப நேரம் புரட்டினார். கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டு, நீங்க வீட்டுக்குப் போங்க ஏட்டு என்றார்.

கடைத்தெரு வழியாக வெங்கடசாமியும் ஜோதியம்மாளும் நடந்தார்கள். மேற்கே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தேன்கனிக்கோட்டை பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அதில் எத்தனை முக்காடுகள் உட்கார்ந்திருக்கின்றனவோ, யார் கண்டது?

ஜோதியம்மாள் மெதுவாக, அந்தக் கனத்த குரலை முடிந்தவரை மடித்து வைத்துக்கொண்டு சொன்னாள்.

"வளைகாப்புக்குப் போனா ஆரத்திப் பாட்டு நான்தான் பாடணும்னு நிப்பா நம்ம பொண்ணு."

வெங்கடசாமிக்கு ஏதாவது ஒரு ஜோக் சொல்ல வேண்டும் போல இருந்தது. ஸ்டேஷனே சிரிக்கிற மாதிரி ஒன்று. வாயைத் திறந்தார். ஜோக் வரவில்லை. கண்தான் வழிந்தது. நடுத்தெருவில், காக்கி உடுப்பில், பெல்ட்டோடு, தொப்பியோடு நின்று அழுதார். தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

சந்தைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

ஜோதியம்மாள் அவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னாடா வேடிக்கை? போங்கடா!"

தெரு முனை வரைக்கும் கேட்டது. கூட்டம் சிதறியது. ஒருவன் பயத்தில் ஏட்டுக்குப் பதில் அவளுக்கு சல்யூட் அடித்துவிட்டு ஓடினான்.

வெங்கடசாமி தொப்பியை இறக்கினார். அவளைப் பார்த்தார். ஒரு மாதத்துக்கு மேலாகக் காணாமல் போயிருந்த தன் மனைவி அங்கே நின்றுகொண்டிருந்தாள். குரல்தான் வேறு, அதட்டல் அதேதான்.

அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். கையிலிருந்த லத்தியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நாளைக்கு டூட்டிக்கு நான் போறேன். நீங்க வீட்டுல இருந்து களியைக் கிண்டுங்க!"